லைன்ல நில்லு!

எல்.கே.ஜி-யில் பிரேயருக்குக் கூட்டிப் போகும்போது மிஸ் போட்ட முதல் ஆர்டர் ஞாபகம் இருக்கா? 'லைன்ல நில்லு!' அதுக்கப்புறம் ரேஷன் கடை, பஸ் பாஸ் கவுன்டர், மெஸ், ஹால் டிக்கெட், கேம்பஸ் இன்டர்வியூ நடக்கிற ஆடிட்டோரியம் வாசல்... யோசிச்சுப் பாருங்க பாஸ், நம்ம வாழ்க்கையில பாதி லைன்ல நிக்கிறதுலயே போயிருக்கும். ஆனா, இந்த 'லைன்' ஒரு காலத்தில் உலகத்தையே ஆட்டிப்படைத்த ஆயுதம் என்று சொன்னால் நம்புவீங்களா? துப்பாக்கியை விட, பீரங்கியை விட, அதுதான் பெரிய ஆயுதம்!

எங்க ஊர் ஜூஜுவாடி. பேரைக் கேட்டதும் 'அங்க ஜூ இருக்கா மச்சி?' என்று கேட்காத ஹாஸ்டல் நண்பன் இல்லை. ஜூவெல்லாம் இல்லை. பெங்களூர் ரோட்டில் தமிழ்நாட்டின் கடைசி ஊர். இந்தப் பக்கம் சிப்காட், அந்தப் பக்கம் அத்திப்பள்ளி. ஒரே டீக்கடையில் தமிழ், கன்னடம், தெலுங்கு, இந்தி என நாலு மொழியிலும் 'டீ ஸ்ட்ராங்கா' கேட்கும். நான் சின்னப் பையனா இருந்தப்போ எங்க ஊரின் அடையாளமே செக்போஸ்ட்டில் நிற்கிற லாரி லைன்தான். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்து வணிகவரிச் சோதனைச் சாவடிகளை எடுத்ததும் அந்த லைன் கலைஞ்சு போச்சு. ஆனா ஃபேக்டரிகளுக்குள்ள இருக்கிற லைன் கலையவில்லை. ஷிஃப்ட் சைரன் அடிச்சா, இன்னிக்கும் பல ஆயிரம் பேர் போய் அதில்தான் நிற்கிறாங்க. என் அப்பாவும் அதில் ஒருத்தர்.

நான் மெக்கானிக்கல் மூணாம் வருஷம். கூடவே என்.சி.சி. கேடட். 'தாஹினே சஜ்' என்று எங்க உஸ்தாத் கத்தினதும், கையை நீட்டி, முஷ்டி பக்கத்து ஆள் தோளைத் தொடுகிற மாதிரி வைத்து, தலையை வலது பக்கம் திருப்பி, சின்னச் சின்ன ஸ்டெப் வைத்து லைனை நேராக்கணும். வெயில் மண்டையைப் பிளக்கும். 'ஏன் உஸ்தாத், இந்தக் காலத்துப் போர்ல யாராவது இப்படி வரிசையா நின்னு சண்டை போடுவாங்களா?' என்று ஒருநாள் கேட்டேன். 'போட மாட்டாங்க. ஆனா ஒரு காலத்துல இப்படி மட்டும்தான் போட்டாங்க' என்று சொல்லிவிட்டு, கேள்வி கேட்டதுக்காக கிரவுண்டை ரெண்டு ரவுண்டு ஓட விட்டார். ஓடி முடிச்சு, தண்ணி குடிச்சுட்டு, லைப்ரரிக்குப் போனேன். அங்கே தொடங்கியதுதான் இந்தக் கட்டுரை.

ஓட்டைத் துப்பாக்கியும் ஒரு கணக்கும்

'லைன் இன்ஃபன்ட்ரி' என்பார்கள். அணிவரிசைக் காலாட்படை. சினிமாவில் பார்த்திருப்பீங்க. சிவப்புக் கோட்டு போட்ட ஐரோப்பியச் சிப்பாய்கள் தோளோடு தோள் உரச மூணு வரிசையா நிற்பாங்க. எதிரே நூறு மீட்டர் தள்ளி நீலக் கோட்டுக்காரங்க அதே மாதிரி நிற்பாங்க. டிரம் அடிக்கும். மாத்தி மாத்தி சுட்டுக்குவாங்க. யாரும் ஒளிய மாட்டாங்க, படுக்க மாட்டாங்க. 'என்ன முட்டாத்தனம்டா இது!' என்றுதான் எனக்கும் தோணிச்சு.

முட்டாத்தனம் இல்லை, இன்ஜினீயரிங்!

18-ம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் கையில் இருந்த துப்பாக்கிக்குச் செல்லப்பெயர் 'பிரௌன் பெஸ்'. எடை சுமார் நாலரை கிலோ. குழாயின் உள்விட்டம் 0.75 அங்குலம், அதாவது 19 மில்லிமீட்டர். உள்ளே போகிற ஈயக் குண்டு சுமார் 17.5 மில்லிமீட்டர். நடுவில் ஒன்றரை மில்லிமீட்டர் இடைவெளி! எங்க ஒர்க்‌ஷாப்பில் ஒரு ஷாஃப்ட்டை இந்த லட்சணத்தில் கடைந்து கொண்டுபோய் வைத்தால் லேப் அசிஸ்டென்ட் அண்ணன் அதைத் தூக்கி ஸ்கிராப்பில் போட்டுடுவார். ஆனா அந்த இடைவெளி வேணும்னே விட்டது. நாலு தடவை சுட்டாலே கருமருந்தின் கரி குழாய்க்குள் படியும். டைட் ஃபிட்டாக இருந்தால் அஞ்சாவது குண்டு உள்ளேயே போகாது. அதனால் லூஸ் ஃபிட். லூஸ் ஃபிட் என்றால் குண்டு குழாயின் சுவரில் முட்டி மோதி, கடைசியாக எந்தப் பக்கம் தட்டியதோ அதற்கேற்ற திசையில் பறக்கும். நூறு மீட்டருக்கு அப்பால் ஒரு தனி மனுஷனைக் குறிபார்த்து அடிப்பது கிட்டத்தட்ட லாட்டரிதான்.

அப்போ என்ன பண்றது? ஒருத்தன் சுட்டால் படாது. இருநூறு பேர் ஒரே நொடியில், ஒரே திசையில் சுட்டால்? சில குண்டாவது நிச்சயம் படும். புள்ளியியல் பேப்பரில் அரியர் வைத்தவனுக்குக்கூடப் புரிகிற கணக்கு. தனி ஆளின் குறி முக்கியமில்லை, கூட்டத்தின் ஒழுங்குதான் முக்கியம்.

இன்னொரு சிக்கல் வேகம். தோட்டாக் காகிதத்தைப் பல்லால் கடித்து, கொஞ்சம் மருந்தைக் கிண்ணியில் போட்டு, மீதியைக் குழாயில் கொட்டி, குண்டைப் போட்டு, கம்பியால் குத்தி இறக்கி, தூக்கிச் சுடணும். நல்லாப் பழகின ஆள் நிமிஷத்துக்கு மூணு தடவை சுடலாம். சும்மா வீட்டில் உட்கார்ந்து இல்லை. பக்கத்தில் நிற்கிறவன் தலை சிதறும்போது, புகை கண்ணை மறைக்கும்போது, மூணு தடவை! அதுக்குத்தான் டிரில். மாரிஸ் என்கிற டச்சு இளவரசரின் படையில், 1594-ல், முன்வரிசை சுட்டுவிட்டுப் பின்னால் போய் மருந்து நிரப்பிக்கொள்ள, அடுத்த வரிசை முன்னால் வந்து சுடும் யோசனை பிறந்தது. 1607-ல் அதே நாட்டில் ஜேக்கப் டி கெய்ன் ஒரு படப்புத்தகம் போட்டார். துப்பாக்கி பிடிக்கிறதை நாற்பதுக்கும் மேற்பட்ட குட்டிக் குட்டி அசைவுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு படம், ஒரு கட்டளை! எங்க சிலபஸில் இதை 'டைம் அண்ட் மோஷன் ஸ்டடி' என்கிறோம். ஃபேக்டரி வருவதற்கு முன்னாடியே ராணுவம் அதைக் கண்டுபிடித்துவிட்டது. துப்பாக்கி முனையில் பயோனெட் கத்தியை மாட்டியதும் குதிரைப் படையும் அந்த வரிசையைக் கண்டு தயங்கியது. நெருக்கமாக நிற்கிற கத்திச் சுவரில் மோத எந்தக் குதிரைக்கும் பிடிக்காது!

ஒரு பட்டாலியனில் 600 பேர் என்று வைத்துக்கொள்வோம். மூணு வரிசை என்றால், ஒரு வரிசையில் 200 பேர். ஒரு ஆளுக்கு சுமார் 56 செ.மீ. இடம். மொத்த நீளம் 112 மீட்டர். எதிரி நூறு மீட்டரில் இருக்கான். நிமிஷத்துக்கு 75 ஸ்டெப் வீதம் நடந்து போனால், அவனை நெருங்க ஒண்ணே முக்கால் நிமிஷம். அதுக்குள்ள அவன் அஞ்சு ரவுண்டு சுட்டுடுவான். அந்த அஞ்சு ரவுண்டையும் வாங்கிக்கிட்டு, ஓடாமல், கலையாமல், நடக்கணும். இதை எழுதும்போதே எனக்கு வயிறு கலங்குது.

அடையாறில் முதல் ஷோ

இந்தியாவில் இந்த வித்தை பெரிய அளவில் காட்டப்பட்ட இடம் எது தெரியுமா? நம்ம அடையாறு! 1746-ல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்துவிட்டார்கள். கோபமான ஆற்காடு நவாப் அன்வருதீன் தன் மகன் மாபூஸ் கான் தலைமையில் பெரிய படையை அனுப்பினார். சுமார் பத்தாயிரம் பேர் என்கிறது வரலாறு. எதிரே பாரடிஸ் என்பவர் தலைமையில் சுமார் ஆயிரம் பேர். அதிலும் பெரும்பாலோர் பிரெஞ்சுக்காரர்கள் பழக்கிய நம்ம ஊர்ச் சிப்பாய்கள். ஆற்றில் இறங்கி நடந்தார்கள், கரையேறி ஒன்றாகச் சுட்டார்கள், பயோனெட்டோடு பாய்ந்தார்கள். பத்தாயிரம் கலைந்து ஓடியது. பத்துக்கு ஒண்ணு!

அந்த ஒரு நாள் எல்லாரையும் யோசிக்க வைத்தது. 'ஐரோப்பாக்காரன் உடம்பில் விசேஷம் இல்லை, வரிசையில்தான் விசேஷம். அந்த வரிசையில் யாரை வேணும்னாலும் நிறுத்தலாம்.' ஆங்கிலேயருக்கும் புத்தி வந்தது. 1748-ல் வந்த ஸ்ட்ரிஞ்சர் லாரன்ஸ் கம்பெனிப் படையை ஒழுங்குபடுத்த, 1758 வாக்கில் மதராஸ் சிப்பாய்களை முறையான பிரிவுகளாகத் திரட்டினார்கள். இன்றைய இந்திய ராணுவத்தின் மதராஸ் ரெஜிமென்ட் தன் பிறந்த ஆண்டாகச் சொல்வதும் 1758-தான்.

நம்ம ரோட்டுல கார்ன்வாலிஸ்

இனி நம்ம ஏரியாவுக்கு வருவோம். கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கத்துச் சமவெளிக்குப் பாராமகால் என்று பெயர். கிழக்கே கம்பெனியின் கர்நாடகம், மேற்கே மலையேறினால் மைசூர் பீடபூமி. சுமார் 900 மீட்டர் உயரத்தில் ஓசூர் அந்தப் பீடபூமியின் வாசப்படி. ஹைதர் அலி, திப்பு சுல்தான், கம்பெனி... யாருக்கு யார் மேல் கோபம் வந்தாலும் மிதிபடுவது நம்ம வாசப்படிதான்!

மூன்றாம் மைசூர் போர். 1791 மார்ச்சில் கார்ன்வாலிஸ் பெங்களூரைப் பிடித்தார். (அமெரிக்காவில் 1781-ல் யார்க்டவுனில் வாஷிங்டனிடம் சரணடைந்தாரே, அதே கார்ன்வாலிஸ்தான்!) மே மாதம் ஸ்ரீரங்கப்பட்டணம் வாசல் வரைக்கும் போனார். போரில் ஜெயித்தும் திரும்ப வேண்டியதாயிற்று. காரணம், மாடு! பெரிய பீரங்கி ஒன்றை இழுக்க டஜன் கணக்கில் மாடுகள் வேண்டும். தீனி இல்லாமல், நோய் வந்து, மாடுகள் செத்து விழுந்தன. சிப்பாய்க்குச் சோறு இல்லை. கோட்டையை உடைக்கக் கொண்டுபோன பெரிய பீரங்கிகளைத் தானே நாசம் பண்ணிவிட்டுப் பின்வாங்கினார்.

அப்போதுதான் அவருக்கு நம்ம ரோட்டின் அருமை புரிந்தது. சென்னைப் பக்கமிருந்து அரிசியும் மருந்தும் வரணும் என்றால், ஆம்பூர், பாராமகால் வழியாக மலையேறி ஓசூர் வரும் பாதை திறந்திருக்கணும். ஜூலை 1791-ல் படை ஓசூருக்கு வந்தது. திப்புவின் ஆட்கள் கோட்டையை விட்டுவிட்டு வெளியேறினார்கள். அதே மாதம் ராயக்கோட்டையும் விழுந்தது. பிறகு யானைகளும், ஆயிரக்கணக்கான பொதிமாடுகளும், தானியம் சுமந்த பஞ்சாராக்களும் இந்த வழியே பெங்களூருக்கு ஏறினார்கள். பெங்களூரிலிருந்து ஓசூருக்கு வந்த படை நம்ம ஜூஜுவாடி மண்ணைத் தொட்டுத்தான் வந்திருக்கும் என்பது மேப்பைப் பார்த்து நானாகப் போட்ட கணக்கு. இன்னிக்கு என்.எச். 44-ல் கன்டெய்னர் லாரிகள் ஏறி இறங்குதே, அந்தக் காலத்து வெர்ஷன் அது. சப்ளை செயின் என்பதை எம்.பி.ஏ. காலேஜ்கள் கண்டுபிடிக்கவில்லை மக்களே, மாடுகள் கண்டுபிடித்தன!

லைன் தோற்ற இடமும் நம்ம ஊர்ப் பக்கம்தான். நவம்பர் 1791-ல் மேக்ஸ்வெல் என்கிற தளபதி கிருஷ்ணகிரிக் கோட்டையை ஒரே ராத்திரியில் பிடித்துவிடப் பார்த்தார். கீழே பேட்டையைப் பிடித்தாச்சு. மேலே? செங்குத்தான பாறை. பாறையில் எங்கே மூணு வரிசை நிற்பது? எங்கே 112 மீட்டர் நீட்டுவது? மேலே இருந்தவர்களுக்குப் பெரிய ஆயுதமெல்லாம் தேவைப்படவில்லை. கல்லை உருட்டிவிட்டார்கள். புவியீர்ப்பு விசை மீதி வேலையைப் பார்த்துக்கொண்டது. உலகத்தையே மிரட்டிய படை திரும்பி இறங்கியது. கிருஷ்ணகிரி போரில் விழவில்லை. 1792 மார்ச்சில் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில், பாராமகாலோடு சேர்த்துக் கையெழுத்தில்தான் கை மாறியது.

அந்தப் பக்கமும் லைன்தான்!

'வெள்ளைக்காரன் துப்பாக்கி வச்சிருந்தான், நம்மாளு வாள் வச்சிருந்தான், அதான் தோத்தோம்' என்று ஸ்கூலில் படித்த ஞாபகம். அது பாதி உண்மைகூட இல்லை. ஹைதரும் திப்புவும் பிரெஞ்சுக்காரர்களை வைத்துத் தங்கள் காலாட்படைக்கும் அதே டிரில்லைக் கற்றுக்கொடுத்தார்கள். திப்பு தன் படைக்கென்று பாரசீகத்தில் ஒரு பயிற்சி நூலே எழுத வைத்தார். பெயர் 'ஃபத்ஹுல் முஜாஹிதீன்'. அவருடைய சிப்பாய்களின் சட்டையில் புலிவரி. கூடவே இரும்புக் குழாயில் மருந்து அடைத்த ராக்கெட்!

1780 செப்டம்பர் 10. காஞ்சிபுரம் பக்கத்தில் புள்ளலூர். கர்னல் பெய்லி தலைமையில் வந்த சுமார் 3,800 பேர் கொண்ட கம்பெனிப் படையை ஹைதரும் திப்புவும் மடக்கினார்கள். நெருக்கமாக நிற்பது லைனின் பலம். ஆனா ராக்கெட்டுக்கும் பீரங்கிக்கும் அதுவே பெரிய டார்கெட். நடுவில் மருந்து வண்டிகள் வெடித்தன. வரிசை உடைந்தது. பெய்லி கைதியாகி, ஸ்ரீரங்கப்பட்டணச் சிறையிலேயே இறந்தார். அந்தப் போரைத் திப்பு தன் தரியா தௌலத் அரண்மனைச் சுவரில் ஓவியமாக வரைய வைத்தார். ஸ்ரீரங்கப்பட்டணம் டூர் போனால் செல்ஃபிக்கு நடுவே அந்தச் சுவரைக் கொஞ்சம் உற்றுப் பாருங்க. நடுவில் பதைபதைப்போடு நெருங்கி நிற்கிற ஒரு சதுரம் தெரியும். அதுதான் லைன் இன்ஃபன்ட்ரி, சாகிற நேரத்தில்.

வரிசையில் நின்றது யார்?

சரி, கம்பெனி வரிசையில் நின்றது யார்? பெரும்பாலும் தமிழர்கள், தெலுங்கர்கள், தென்னிந்திய முஸ்லிம்கள். எதிர் வரிசையிலும் நம்மாட்கள்தான்! வரலாற்றுப் புத்தகத்தில் கார்ன்வாலிஸ் இருக்கிறார், மேக்ஸ்வெல் இருக்கிறார், திப்பு இருக்கிறார். கிருஷ்ணகிரிப் பாறையில் கல் விழுந்து உருண்டவன் பெயர் என்ன? கணக்கில் 'இத்தனை சிப்பாய்கள்' என்று ஒரு எண் மட்டும்தான்.

எதுக்காக நின்னாங்க? வீட்டில் பசி. மாசாமாசம் தவறாமல் வருகிற சம்பளம். பல ராஜாக்களின் படையில் சம்பள பாக்கி மாதக்கணக்கில் இழுக்கும்போது, 'ஒண்ணாம் தேதி காசு' என்பது எவ்வளவு பெரிய ஈர்ப்பு என்று சிப்காட்டில் வளர்ந்த எனக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. மதராஸ் சிப்பாய்கள் பலர் பொண்டாட்டி பிள்ளைகளோடு முகாமுக்கு முகாம் நடந்தார்கள்.

ஆனா வரிசையில் நிற்கிறவன் பொம்மை இல்லை. 1805 நவம்பரில் சென்னைத் தலைமை ஒரு ஆர்டர் போட்டது. அணிவகுப்பில் நெற்றியில் குறி இருக்கக் கூடாது, தாடி இருக்கக் கூடாது, தோல் வைத்த புதுத் தொப்பி போடணும். எல்லாரும் ஒரே மாதிரி தெரியணுமாம்! எதிர்த்தவர்களுக்குச் சவுக்கடி. 1806 ஜூலை 10 விடியும் முன்னே வேலூர்க் கோட்டையில் அந்த வரிசை திரும்பியது. நூறுக்கும் மேற்பட்ட ஆங்கிலேய வீரர்கள் செத்தார்கள். ஆற்காட்டிலிருந்து கில்லஸ்பி குதிரைப் படையோடு பறந்து வந்து அன்றைக்கே அடக்கிவிட்டார். நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் கொல்லப்பட்டார்கள். ஆனா, அந்தத் தொப்பி ஆர்டர் ரத்தாச்சு. 1857-க்கு 51 வருஷம் முன்னாடி!

இன்னொரு ஆச்சரியம். 1799 மார்ச்சில் ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குப் போன படையில் ஒரு இளம் கர்னல் ராயக்கோட்டை வழியாக நம்ம மலையேறினார். பெயர் ஆர்தர் வெல்லெஸ்லி. 1803-ல் மகாராஷ்டிராவின் அசாயேயில் மராத்தியப் படையை ஜெயித்தார். அங்கே அவரோடு நின்ற மதராஸ் படைப்பிரிவுகளுக்கு யானைச் சின்னம் கிடைத்தது. மதராஸ் ரெஜிமென்ட் சின்னத்தில் இன்றைக்கும் அந்த யானை நிற்கிறது. 1815-ல் வாட்டர்லூவில் நெப்போலியனைத் தோற்கடித்த வெலிங்டன் பிரபு என்பவர் இதே வெல்லெஸ்லிதான். அவர் பெயர் வைத்த நீலகிரி வெலிங்டனில்தான் மதராஸ் ரெஜிமென்ட் மையம் இருக்கு.

கோட்டையிலிருந்து ஃபேக்டரிக்கு

இதையெல்லாம் படித்துக்கொண்டிருந்த அதே சமயம் எனக்கு இன்-பிளான்ட் டிரெய்னிங். சிப்காட் பக்கத்தில் ஒரு வெண்டார் கம்பெனி. வண்டிகளுக்கு ஒயரிங் செட் பண்ணுகிற லைன். பதினொரு ஸ்டேஷன், பதினொரு பேர். பெரும்பாலும் அக்காக்கள். தர்மபுரி, காவேரிப்பட்டணம் பக்கமிருந்து விடியற்காலை கம்பெனி பஸ்ஸில் வருகிறவர்கள். என் கையில் ஒரு ஸ்டாப்வாட்ச், ஒரு பேட். தலைப்பு: லைன் பேலன்சிங். எந்த ஸ்டேஷனில் எத்தனை நொடி என்று அளந்து, வேலையை மாற்றிப் பிரித்து, லைனைச் சீராக்கணும்.

துப்பாக்கிக்கும் இந்த லைனுக்கும் ரத்த உறவே உண்டு. 1785-ல் பாரீஸில் ஹோனோரே பிளாங் என்கிற துப்பாக்கி மெக்கானிக், பல துப்பாக்கிகளின் விசைப் பாகங்களைக் கலந்து போட்டு, கையில் கிடைத்ததை எடுத்து மாட்டினாலும் பொருந்தும் என்று ஜெஃபர்சனுக்குக் காட்டினார். 'எந்தப் பாகமும் எந்தப் பாகத்துக்குப் பதிலாகும்.' அந்த யோசனை அமெரிக்கத் துப்பாக்கித் தொழிற்சாலைகளில் வளர்ந்து, தையல் மெஷின், சைக்கிள் என்று பரவி, 1913-ல் ஃபோர்டின் ஓடும் அசெம்பிளி லைனில் போய் நின்றது. போர்க்களத்தில் ஒரு சிப்பாய் விழுந்தால் பின்வரிசைக்காரன் அந்த இடத்தில் வந்து நிற்பான். இங்கே ஒருத்தர் லீவு என்றால் ரிலீவர். ரெண்டிலும் இடம்தான் நிரந்தரம், ஆள் இல்லை.

ரெண்டு வாரம் அளந்தேன். கணக்கு போட்டேன். பதினொரு பேர் செய்கிற வேலையை ஒன்பது பேர் செய்யலாம் என்று வந்தது. பேப்பரில் அழகான கணக்கு. ராத்திரி அப்பாகிட்ட காட்டினேன். அவர் வேறொரு கம்பெனி லைனில் இருபது வருஷமா நிற்கிறவர். மூட்டுவலிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே ஷீட்டை வாங்கிப் பார்த்தார். திட்டவில்லை, பாராட்டவும் இல்லை.

'கணக்கு சரியாத்தான்டா இருக்கு. அந்த ரெண்டு பேர் யாரு?'

'ஏழாவது ஸ்டேஷன், எட்டாவது ஸ்டேஷன்ப்பா.'

'ஸ்டேஷனைக் கேக்கலை. பேரைக் கேட்டேன்.'

எனக்குப் பேர் தெரியும். ஆனா ஷீட்டில் 'ஆபரேட்டர் 7', 'ஆபரேட்டர் 8' என்றுதான் இருந்தது. எங்க டிபார்ட்மென்ட் ஃபார்மேட்டே அப்படித்தான். அந்த நிமிஷம் கிருஷ்ணகிரிப் பாறையில் உருண்ட ஆள் ஞாபகம் வந்துச்சு.

மறுநாள் ஸ்டாப்வாட்ச்சைப் பாக்கெட்டில் போட்டுவிட்டு, டீ பிரேக்கில் ஏழாவது ஸ்டேஷன் அக்காகிட்ட, 'உங்களுக்கு எங்கக்கா டைம் போகுது?' என்று கேட்டேன். ரெண்டு வாரத்தில் என் வாட்ச் சொல்லாததை ஒரு நிமிஷத்தில் சொன்னாங்க. 'கனெக்டர் டப்பாவைப் பின்னாடி வச்சிருக்காங்க தம்பி. ஒவ்வொரு பீஸுக்கும் திரும்பணும். முன்னாடி வச்சா முதுகுவலியும் போகும், டைமும் போகாது. ரெண்டு வருஷமாச் சொல்றோம்.' டப்பாவை முன்னால் வைத்து, அரை ஷிஃப்ட் அளந்து பார்த்தோம். பதினொரு பேரும் இருந்தபடியே லைன் வேகம் எடுத்தது.

ரிப்போர்ட்டில் ரெண்டு வழியையும் எழுதினேன். ஒன்று, ஒன்பது பேர், அதே உற்பத்தி. இரண்டு, பதினொரு பேர், கூடுதல் உற்பத்தி. என் சிபாரிசு இரண்டாவது என்று தெளிவாகப் போட்டேன். டப்பா யோசனை யாருடையது என்பதை, அந்த அக்காகிட்ட கேட்டுக்கொண்டு, பேர் போட்டே எழுதினேன். 'ரெண்டும் இருக்கட்டும், மேல பார்த்துப்பாங்க' என்றார் அங்கே இருந்த சார். அடுத்த வாரம் ரிவ்யூ. ஆர்டர் கூடினால் இரண்டாவது வழி ஜெயிக்கும். ஆர்டர் குறைந்தால்... என் கையில் இல்லை. அந்த லைனில் நிற்கிற யார் கையிலும் இல்லை.

லைன் எப்படி முடிஞ்சது?

லைன் இன்ஃபன்ட்ரியைக் கொன்றது வீரம் இல்லை, இன்னொரு டிசைன். 1849-ல் மினியே என்கிற பிரெஞ்சு அதிகாரி ஒரு குண்டைச் செய்தார். லூஸாக உள்ளே போகும். சுடும்போது அதன் அடிப்பாகம் விரிந்து, குழாயின் சுழல் வரிகளைப் பிடித்துக்கொள்ளும். சுழன்று நேராகப் பறக்கும். நூறு மீட்டர் துப்பாக்கி முந்நூறு மீட்டருக்கு மேல் பேச ஆரம்பித்தது. ஒண்ணே முக்கால் நிமிஷ நடை அஞ்சு நிமிஷ நடையானால் என்ன ஆகும்? 1863 ஜூலை 3-ல் அமெரிக்காவின் கெட்டிஸ்பர்க்கில் சுமார் 12,500 பேர் திறந்த வெளியில் வரிசையாக நடந்தார்கள். சுமார் பாதிப் பேர் செத்தோ, காயப்பட்டோ, பிடிபட்டோ போனார்கள். மெஷின் கன் வந்தபிறகு, 1914-ல் வரிசை மண்ணுக்குள் இறங்கிப் பதுங்குகுழி ஆனது. டிசைன் மாறி அரை நூற்றாண்டு ஆகியும், பழைய பழக்கத்தில் ஆட்களை நடக்க விட்டதுதான் கொடுமை. ஆர்டர் போட்டவர்கள் வரிசையில் நிற்கவில்லை என்பது இன்னும் பெரிய கொடுமை.

மிச்சம் இருப்பது டிரில் மட்டும். இப்போ எங்க உஸ்தாத் 'தாஹினே சஜ்' சொல்லும்போது எனக்குக் கடுப்பு வருவதில்லை. முஷ்டி பக்கத்துத் தோளைத் தொடுவது லைனை நேராக்க மட்டும் இல்லை. 'நான் இங்க இருக்கேன், நீயும் இருக்கியா?' என்று கேட்கிற மாதிரி இருக்கு. குண்டு வரும்போது அந்தச் சிப்பாய்களை ஓடாமல் நிறுத்தியது ராஜாவும் இல்லை, கம்பெனியும் இல்லை. பக்கத்தில் ஒட்டிய தோள்தான் என்று நினைக்கிறேன். ஏழாவது ஸ்டேஷன் அக்கா 'சொல்றேன்' என்று சொல்லவில்லை, 'சொல்றோம்' என்றுதான் சொன்னாங்க.

நம்மில் பாதிப் பேர் இன்னும் ரெண்டு வருஷத்தில் ஏதாவது ஒரு லைனில் நிற்போம். சில பேர் லைனுக்கு வெளியே ஸ்டாப்வாட்ச்சோடு நிற்போம். அதுக்கு முன்னாடி ஒரு ஞாயிற்றுக்கிழமை, கிருஷ்ணகிரி பஸ்ஸைப் பிடிச்சு, சையத் பாஷா மலை ஏறிப் பாருங்க. வெயிலுக்கு முன்னாடி ஏறிடுங்க, தண்ணி பாட்டில் முக்கியம். மேலே நின்று கீழே பார்த்தால் ஊரும் ஹைவேயும் எறும்பு மாதிரி லாரிகளும் தெரியும். அங்கிருந்து பார்த்தால் எல்லாரும் வெறும் புள்ளிதான். கீழே இறங்கிப் பக்கத்தில் போனால்தான் பேர் தெரியும்.